புள்ளி மட்டும் போதுமா?



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டார். கவிதை எனக்கு வராது. நட்பு, தாய்மை, இளைஞர் கையில் இந்தியா ஆகிய மூன்று தலைப்பையும் சிவில்காரர்கள் ஏற்கெனவே பிடித்துக்கொண்டார்களாம். மிச்சம் என்னிடம் இருந்தது எங்கள் குழு செய்து கெடுத்த ஒரு கேம் மட்டும்தான். அதைப் பற்றியே எழுதுகிறேன். படித்துவிட்டு, 'இவன் ப்ராஜெக்ட் தோத்ததுக்குச் சாக்கு சொல்றான்' என்று நினைத்தாலும் பரவாயில்லை. கொஞ்சம் சாக்கும் இதில் உண்டு.

மெக்கானிக்கல் அல்லாத நண்பர்களுக்காக ஒரு வரி. சுழலும் ஒரு தட்டு, அதன் விளிம்பின்மேல் உட்கார்ந்து ஏறி இறங்கும் ஒரு கம்பி. தட்டுக்குப் பெயர் கேம், கம்பிக்குப் பெயர் ஃபாலோயர். எங்கள் கணக்கு இதுதான்: கேம் 120 டிகிரி சுற்றுவதற்குள் ஃபாலோயர் 24 மி.மீ. ஏற வேண்டும். 60 டிகிரி மேலேயே நிற்க வேண்டும். அடுத்த 120 டிகிரியில் இறங்க வேண்டும். கடைசி 60 டிகிரி கீழே ஓய்வு. ஃபாலோயர் கூர்முனை உள்ளது. பரீட்சையில் முதல் கணக்காக வருமே, அதே கேம்தான்.

சீரிசை இயக்கம் என்று எடுத்துக்கொண்டு ஏற்றத்தை நாலு பாகமாகப் பிரித்தோம். எட்டாகப் பிரித்திருக்க வேண்டும், சோம்பேறித்தனம். 30 டிகிரியில் 3.51 மி.மீ., 60-ல் 12, 90-ல் 20.49, 120-ல் 24. புள்ளிகளைக் குறித்து, பிரெஞ்சு கர்வை இப்படித் திருப்பி அப்படித் திருப்பி, எந்த இடம் பொருந்துகிறதோ அந்த இடத்தை வைத்துக் கோடு இழுத்தோம். தாளை 8 மி.மீ. எம்.எஸ். பிளேட்டில் ஒட்டிப் பஞ்ச் அடித்து, சுற்றிலும் வரிசையாக டிரில் போட்டு, ஹேக்ஸாவால் அறுத்து, அரத்தால் ராவி முடிக்க நாலு நாள் ஆயிற்று. ஐந்து பேர் கையிலும் கொப்புளம். வெர்னியர் ஹைட் கேஜ் வைத்துப் பார்த்தோம். நாலு புள்ளியும் கச்சிதம்! பத்தில் ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகு இல்லை.

மோட்டாரைப் போட்டோம். நிமிடத்துக்கு 100 சுற்று. டொக்... டொக்... டொக்... என்று உரலில் இடிப்பதுபோல் ஒரு சத்தம்.

எண்ணெய் விட்டோம். ஸ்பிரிங்கை மாற்றினோம். சர்ஃபேஸ் ஃபினிஷ் சரியில்லை என்று யாரோ சொல்ல, எமரி தாள் போட்டுக் கண்ணாடி மாதிரி தேய்த்தோம். சத்தம் போகவில்லை. வைவாவில் வெளியிலிருந்து வந்த சார் ஒரே கேள்விதான் கேட்டார்: "புள்ளியெல்லாம் சரின்னு சொல்றீங்க, அப்புறம் ஏன் உதைக்குது?" ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மதிப்பெண் போனது போகட்டும். 'புள்ளி சரி, இயக்கம் தப்பு' என்று ஒன்று இருக்க முடியும் என்பதே எங்கள் ஐந்து பேருக்கும் தெரியவில்லை. இரண்டு வருஷமாகக் கணக்கும் படிக்கிறோம், டிராயிங்கும் போடுகிறோம், பிறகு எப்படித் தெரியாமல் போனது? இதுதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்த எரிச்சல்.

விடை எனக்குக் கிடைத்தது கேட் லேபில். எங்கள் லேபில் இருப்பது ஆட்டோகேடின் பழைய பதிப்பு. அதில் ஸ்பிளைன் கட்டளை கொடுத்துப் புள்ளிகளை வரிசையாக வைத்து முடித்ததும் அது விடாது. ஆரம்பத்தில் தொடுகோடு எந்தப் பக்கம் என்று ஒரு கேள்வி, முடிவில் தொடுகோடு எந்தப் பக்கம் என்று இன்னொரு கேள்வி கேட்கும். நாம் என்ன செய்வோம்? என்டர், என்டர், என்டர். மூன்று தட்டுத் தட்டினால் வளைவு வந்துவிடும். எனக்கு சீனியர் சொல்லித் தந்ததும் அப்படித்தான், நான் ஜூனியருக்குச் சொல்லித் தந்ததும் அப்படித்தான். வைவா முடிந்த மறுவாரம் அந்தக் கேள்வியை முதல் தடவையாக உட்கார்ந்து படித்தேன். யோசித்துப் பாருங்கள். ஒரு மென்பொருள் நம்மிடம் இரண்டு முறை வாய்விட்டுக் கேட்கிறது, 'ஐயா, எந்தச் சாய்வில் கிளம்பட்டும், எந்தச் சாய்வில் போய்ச் சேரட்டும்' என்று. நாம் அதன் வாயை என்டர் போட்டு அடைக்கிறோம்!

எங்கள் கேமுக்கு வருவோம். கீழே ஓய்வில் இருக்கும்போது ஃபாலோயரின் வேகம் சுழி. ஏறத் தொடங்கும் கணத்திலும் சுழியில்தான் தொடங்க வேண்டும். அதாவது வளைவின் சாய்வு அங்கே சுழி. நாங்களோ முதல் 30 டிகிரியை ஒரே சீராக ஏறும்படி இழுத்துவிட்டோம். 30 டிகிரியில் 3.51 என்றால் டிகிரிக்கு 0.117 மி.மீ. நிமிடத்துக்கு 100 சுற்று என்றால் நொடிக்கு 600 டிகிரி. இரண்டையும் பெருக்கினால் நொடிக்கு 70 மி.மீ. சும்மா படுத்திருக்கும் ஃபாலோயரை ஒரே கணத்தில் 70 மி.மீ. வேகத்துக்கு எழுப்பினால் அது உதைக்காமல் தாலாட்டா பாடும்? 10 டிகிரியில் சரியான ஏற்றம் 0.41 மி.மீ. எங்கள் தட்டில் 1.17. முக்கால் மில்லிமீட்டர் தப்பு, நாங்கள் அளந்துபார்த்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறது. ஹைட் கேஜுக்குத் தெரியவில்லை, காதுக்குத் தெரிந்தது.

இதை வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அப்பா சென்ட்ரிங் வேலை. பள்ளிக்கூடம் போனதில்லை. என் படிப்பைப் பற்றி நான் பேசினால் எப்போதும் தலையை மட்டும் ஆட்டுவார். அன்றைக்குக் கேட்டார்:

"ரீப்பருக்கு எத்தனை ஆணி அடிச்சீங்க?"

"ரீப்பர் இல்லப்பா, பேப்பர்ல போட்டோம். புள்ளிக்கு ஒண்ணு."

"முனைக்கும் ஒண்ணுதானா? அப்ப ஒடியாம என்ன செய்யும்? முனைக்கு ரெண்டுடா. ஒண்ணு இடத்தைப் பிடிக்க, ஒண்ணு போற போக்கைப் பிடிக்க."

போர்டிகோ முகப்பில் கைப்பிடிச் சுவர் ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்கு நெளிந்து ஏறும் பாருங்கள், அந்த வளைவுக்கு அவர் பலகை மார்க் பண்ணும் முறை அது. மெல்லிய ரீப்பரை இரு முனையிலும் இரண்டிரண்டு ஆணிக்குள் செருகுவார். முனை நேர்ச்சுவரின் போக்கிலேயே பிடிபட்டு நிற்கும். நடுவில் ரீப்பர் தானாக வளைந்துகொள்ளும். அதன்மேல் பென்சில் ஓட்டினால் முடிந்தது. சுவரும் வளைவும் சேரும் இடத்தில் கையை வைத்துத் தடவினால் முடிச்சே தெரியாது.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை என்று பிறகுதான் புரிந்தது. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் நாம் படித்ததுதான். நடுவில் பாரம் இல்லாத உத்தரத்தில் வளைமைத் திருப்புத்திறன் நேர்கோடாக மாறும். அதை இரண்டு முறை தொகையிட்டால் விலகல் ஒரு முப்படிக் கோவை. இரு முனையும் பிடிக்கப்பட்ட உத்தரத்தில் ஒரு முனை மட்டும் கீழே இறங்கினால் என்ன வடிவம் எடுக்குமோ, அதுதான் அப்பாவின் ரீப்பர். அதுவேதான் எங்கள் கேமுக்கும் வேண்டியிருந்த வடிவம். பழைய நாளில் கப்பல் கட்டுகிறவர்கள் மரச் சட்டத்தை வளைத்துத்தான் கோடு போட்டார்கள். ஸ்பிளைன் என்ற பெயரே அந்தச் சட்டத்தின் பெயர்தான்.

இப்போது கணக்கு. பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், நாலே வரி.

கடந்த கோணத்தை மொத்த 120 டிகிரியின் பங்காக எடுத்துக்கொள்வோம். அதற்கு ப என்று பெயர். தொடக்கத்தில் ப சுழி, முடிவில் 1. ஏற்றம் = அ + ஆப + இப² + ஈப³. தெரியாதவை நாலு. தெரிந்தவையும் நாலு: தொடக்கத்தில் ஏற்றம் சுழி, சாய்வு சுழி, முடிவில் ஏற்றம் 24, சாய்வு சுழி. முதல் இரண்டும் அ, ஆ இரண்டையும் சுழியாக்கிவிடும். மிச்சம் இ + ஈ = 24, 2இ + 3ஈ = 0. தீர்த்தால் இ = 72, ஈ = −48. ஆக, ஏற்றம் = 72ப² − 48ப³. 30 டிகிரியில் 3.75, 60-ல் 12, 90-ல் 20.25, 120-ல் 24. முதலாண்டில் படித்த வகையீடும் பத்தாம் வகுப்பில் படித்த இரண்டு சமன்பாடும்தான் இதற்குத் தேவை. பிரெஞ்சு கர்வ் வேண்டாம்.

இரண்டு மதிப்பு, இரண்டு சாய்வு, ஒரு முப்படி வளைவு. இதற்கு ஹெர்மைட் இடைச்செருகல் என்று பெயர். சார்லஸ் ஹெர்மைட் பிரான்ஸ் நாட்டுக் கணித மேதை, 1822-ல் பிறந்தவர். லக்ராஞ்சின் வாய்பாட்டை, சாய்வுகளையும் சேர்த்துக்கொள்ளும்படி அவர் விரித்து எழுதியது 1878-ல். அவரைப் பற்றி ஒரு செய்தி நம் மலரில் வர வேண்டியது. பாரிஸில் 1794-ல் தொடங்கப்பட்ட எகோல் பாலிடெக்னிக்கில் 1842-ல் அவர் சேர்ந்தார். நம் கல்லூரிப் பெயரில் இருக்கும் 'பாலிடெக்னிக்' அங்கிருந்து வந்த சொல்தான். வலது காலில் பிறவிக் குறை இருந்ததால், ஒரே வருஷத்தில் 'நீ தொடர்ந்து படிக்க முடியாது' என்று சொல்லிவிட்டார்கள். பெரிய மனிதர்கள் தலையிட்ட பிறகு நிபந்தனைகளோடு அனுமதித்தார்கள், அவரோ வேண்டாம் என்று விலகிவிட்டார். 1848-ல் அதே கல்லூரி அவரைச் சேர்க்கைத் தேர்வாளராக வைத்துக்கொண்டது! அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இதை அறை சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்.

இது சும்மா புத்தகக் கணக்கும் அல்ல. 1960-களின் தொடக்கத்தில் போயிங் விமானக் கம்பெனியில் ஃபெர்குசன் என்பவர், விமானத்தின் மேற்பரப்பைக் கணினியில் எழுத, முனைப்புள்ளிகளும் தொடுகோடுகளும் கொண்ட இதே முப்படித் துண்டுகளைத்தான் பயன்படுத்தினார். ரெனோ கார் கம்பெனியின் பெஸியே பெயரால் வழங்கும் வளைவும் உள்ளுக்குள் இதேதான். அதில் வளைவின் முனையிலிருந்து நீளும் கைப்பிடி, சாய்வில் மூன்றில் ஒரு பங்கு. டி.டி.பி. சென்டரில் எழுத்துரு வரைகிறவர்கள் இழுத்துப் பிடிப்பது அந்தக் கைப்பிடியைத்தான்.

சிவில் நண்பர்களுக்கும் ஒன்று. முப்படி வளைவின் நடுப்புள்ளியை வாய்க்கணக்காகவே சொல்லலாம். இரு முனை உயரங்களின் சராசரி, அதோடு இரு சாய்வுகளின் வித்தியாசத்தை நீளத்தால் பெருக்கி 8-ஆல் வகுத்தது. 80 மீட்டர் நீளம், தொடக்க உயரம் 10 மீட்டர், 5 சதவீத ஏற்றத்தில் கிளம்பி, 3 சதவீத இறக்கத்தில் முடிகிறது, முடிவு உயரம் 10.8. சராசரி 10.4. வித்தியாசம் 0.08, அதை 80-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் 0.8. நடுவில் 11.2 மீட்டர். சாலை மேட்டுக்கு நீங்கள் போடும் பரவளையத்தில் போட்டுப் பாருங்கள், அதே 11.2 வரும். நீங்கள் சர்வேயில் மனப்பாடம் செய்யும் அந்த 8 வேறெங்கிருந்தும் வரவில்லை.

இதையெல்லாம் சொன்னபோது நண்பர்கள் மூன்று விதமாக மடக்கினார்கள்.

'புள்ளியை அதிகமாக்கினால் போச்சு, சாய்வு எதற்கு?' என்றான் ஒருவன். ஒரு வகையில் சரி. 5 டிகிரிக்கு ஒரு புள்ளி எடுத்திருந்தால் எங்கள் சத்தம் பெரும்பாலும் அடங்கியிருக்கும். ஆனால் எல்லாப் புள்ளிகள் வழியாகவும் ஒரே பெரிய பல்லுறுப்புக் கோவையை ஓட்டினால் வேலை கெட்டது. சம இடைவெளியில் புள்ளிகள் கூடக் கூட ஓரங்களில் வளைவு பேயாட்டம் ஆடலாம் என்று ரூங்கே 1901-லேயே காட்டிவிட்டார். நானும் ஆசைப்பட்டு எக்செலில் ஆறாம் படி டிரெண்ட்லைன் போட்டுப் பார்த்தேன். புள்ளிகள் வழியாகவும் போகவில்லை, ஓய்வாகப் படுத்திருக்க வேண்டிய 60 டிகிரியில் புழு மாதிரி நெளிந்தது. துண்டு துண்டாக எடுத்து, துண்டுகள் சேரும் இடத்தில் சாய்வை ஒன்றாக்குவதுதான் வழி.

'சாய்வை யார் அளந்து தருவார்கள்?' என்றாள் எங்கள் குழுவிலேயே கெட்டிக்காரி. இது நியாயமான கேள்வி, எனக்கு முழு விடை கிடையாது. கேமில் சாய்வு நாம் தீர்மானிப்பது, ஆகவே தெரியும். லேபில் எடுக்கும் ரீடிங்கில் தெரியாது, பக்கத்துப் புள்ளிகளை வைத்துக் கணிக்க வேண்டும். தப்பாகக் கணித்தால் வளைவு எல்லை தாண்டிப் போய்த் திரும்பி வரும். அதற்கு ஒரு காவல் உண்டு. ஏறிக்கொண்டே போகும் ரீடிங்காக இருந்தால், இரு முனைச் சாய்வும் சுழிக்குக் குறையாமலும், நாணின் சாய்வில் மூன்று மடங்குக்கு மேல் போகாமலும் வைத்தால், வளைவு நடுவில் இறங்கவே இறங்காது. ஃபிரிட்ஷ், கார்ல்சன் இருவரும் 1980-ல் எழுதியது.

மூன்றாவது மடக்குதான் என்னைக் கோபப்படுத்தியது. 'நாம டிப்ளமோதானே, இதெல்லாம் பி.இ. பசங்களுக்கு.' நண்பா, பி.இ. படித்தவர் வரைந்து தரும் கேமை அரத்தாலும் மெஷினாலும் வெட்டப் போகிறவர்கள் யார்? உதைக்கிறது என்று முதலில் காதால் கேட்கப் போகிறவர்கள் யார்? 'டிப்ளமோதானே' என்ற சொல்லை வெளியில் இருக்கிறவர்கள் சொன்னால் சண்டைக்குப் போகிறோம். நமக்குள் நாமே ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்லிக்கொள்கிறோம். எங்கள் வீட்டில் ஆணி இரண்டு வேண்டும் என்று கையால் தெரிந்துவைத்திருப்பவர் அப்பா. ஏன் இரண்டு என்று கணக்கால் தெரிந்துகொள்ளத்தான் என்னை இங்கே அனுப்பியிருக்கிறார். அதைத் தெரிந்துகொள்ளாமலே சான்றிதழ் வாங்கிப் போனால், அவருக்குத் தெரிந்த அளவுகூட எனக்குத் தெரியாது என்றுதானே ஆகும்?

ஆசிரியர்களைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கணக்கு ஆசிரியர் தொடுகோடும் செங்கோடும் நன்றாகத்தான் நடத்தினார். டிராயிங் ஆசிரியர் 'ஸ்மூத்தா ஜாயின் பண்ணுங்கப்பா' என்று தொண்டை வற்றக் கத்தினார். இவர் சொன்ன தொடுகோடும் அவர் சொன்ன ஸ்மூத்தும் ஒன்றுதான் என்பதை யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பாடத்திட்டம் மாற்றுவது நம் கையில் இல்லை. ஆனால் இரண்டு காரியம் நம் கல்லூரிக்குள்ளேயே முடியும், அதைப் பேரவை எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது என் கோரிக்கை. ஒன்று, கேம் டிராயிங் ஷீட்டில் ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் முடிவிலும் சாய்வு என்ன என்று ஒரு கட்டம் எழுதினால்தான் கையெழுத்து. இரண்டு, லேப் ரெக்கார்டில் கிராஃப் போடுகிற பரிசோதனைக்கெல்லாம் அட்டவணையில் சாய்வுக்கு ஒரு பத்தி. ஒரு பத்தி கூடினால் கை வலிக்கும் என்று சிலர் முணுமுணுப்பீர்கள். நாலு நாள் அரம் பிடித்துவிட்டு ஒரே கேள்வியில் வாய் மூடி நின்ற வலியை நான் பார்த்திருக்கிறேன்.

பொங்கல் விடுமுறைக்கு முன் மூன்று பேர் சேர்ந்து இன்னொரு தட்டு வெட்டினோம். 72ப² − 48ப³. இந்தத் தடவை 10 டிகிரிக்கு ஒரு புள்ளி: முதல் 10 டிகிரியில் 0.47 மி.மீ., 20-ல் 1.78, 30-ல் 3.75. அதே மோட்டார், அதே ஸ்பிரிங், அதே 100 சுற்று. டொக் என்ற சத்தம் போய்விட்டது.

முழுவதும் போனதா என்றால் இல்லை. காதைப் பக்கத்தில் வைத்தால் மெல்லிய ஒரு 'டிக்' இருக்கிறது. எங்கள் ராவல் இன்னும் சரியில்லை என்பது ஒரு காரணம். வளைவிலும் காரணம் இருக்கிறது. வேகம் சுழியில் தொடங்கினாலும் முடுக்கம் அப்படித் தொடங்கவில்லை. ஏற்றத்துக்கு ஆகும் நேரம் 0.2 நொடி. போட்டுப் பார்த்தால், முடுக்கம் சுழியிலிருந்து ஒரே கணத்தில் 3.6 மீ/வி² ஆகத் தாவுகிறது. அதையும் பிடித்துக் கட்ட வேண்டுமானால் முனைக்கு மூன்றாவது ஆணி வேண்டும். நிபந்தனை ஆறு ஆகும், கோவை ஐந்தாம் படி ஆகும்: 24 × (10ப³ − 15ப⁴ + 6ப⁵). 30 டிகிரியில் ஏற்றம் 2.48. முடுக்கம் சுழியில் தொடங்கி மெதுவாக ஏறி, உச்சத்தில் 3.46 வரைதான் போகிறது. அதற்கு விலையும் உண்டு. நடுவழியில் உச்ச வேகம் நொடிக்கு 180 மி.மீ.-லிருந்து 225 ஆகிவிடும்.

அந்த மூன்றாவது தட்டை இன்னும் வெட்டவில்லை. பிளேட் இருக்கிறது, ஒர்க்‌ஷாப் பெஞ்சுக்கு அடியில் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். பழைய இரண்டு கேமும் அதோடுதான் இருக்கின்றன. இரண்டாம் ஆண்டுத் தம்பி தங்கைகள் யாராவது வந்து கேட்டால் மோட்டாரில் மாட்டி இரண்டின் சத்தத்தையும் கேட்க வைக்கிறேன். வரும்போது ஒரு நல்ல அரம் கொண்டுவாருங்கள், எங்களுடையது மழுங்கிவிட்டது.